சும்மா கொடுத்த வெந்நீர்

ரோமாபுரியில் எங்கள் அவெந்தினே மேட்டுச் சந்தில் நோவியஸைத் திட்டாதவர் கிடையாது. நானே நாள் தவறாமல் திட்டியிருக்கிறேன். அவன் வெந்நீர் விற்கிறவன். அவன் கடைக்கு நேர் எதிரே அவித்த கொண்டைக்கடலை விற்கிறவள் நான். அவன் வாசலில் கூட்டம் நின்றால்தான் என் சட்டி காலியாகும். அதனால் திட்டினாலும் அவன் காதில் விழாதபடி திட்டுவேன்.

வெந்நீர் விற்பதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிறவர்கள் சொந்தமாக அடுப்பு வைத்திருக்கிறவர்கள். எங்கள் அடுக்கு வீடுகளில் அடுப்பு கிடையாது; என் கடலைச் சட்டியே தெருவோரக் கணப்பில்தான் வேகும். மேல் தளத்தில் எவளாவது அவசரத்துக்குக் கரி மூட்டினால் கட்டடமே பற்றிக்கொள்ளும். காலையில் காய்ந்த ரொட்டியை நனைக்க நோவியஸ்தான் வேண்டும். மத்தியானம் மாவைக் கரைத்துக் கூழாக்கவும் அவன்தான் வேண்டும். சாயங்காலம் ஒயினில் சூடாகக் கலந்து ஒரு வாய் குடிக்காவிட்டால் எங்கள் ஆண்களுக்குப் பொழுது போனதாகவே தோன்றாது. வெயில் மண்டையைப் பிளக்கும் ஆனி மாதமானாலும் அப்படித்தான்.

ஆனால் மனுசன் கஞ்சன். சாதாரணக் கஞ்சன் இல்லை. ஒரு சொட்டு வெந்நீரைச் சும்மா கொடுத்தான் என்று எங்கள் சந்தில் எவரும் சொல்ல முடியாது. டிசம்பர் பண்டிகையில் எசமானே அடிமைக்குப் பரிமாறுகிற நாளிலும் நோவியஸ் கல்லாப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான். கட்டிய மனைவி ஒப்பியா கால் வலிக்கு ஒரு செம்பு மொண்டாலும் பெட்டியில் காசு விழ வேண்டும். “வீடு வேற, கடை வேற” என்பான். அவளும் முணுமுணுத்துக்கொண்டே போடுவாள்.

ஒரு முறை மூன்றாம் அடுக்கில் தீப்பிடித்தது. தீக்காவல் படை வந்து சேர்ந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. படைத் தலைவன் கனிதியஸ் நோவியஸின் செப்புக் கொப்பரையைப் பார்த்தான். நிறையத் தண்ணீர் இருந்தது. ஆட்கள் வாளி வாளியாக மொண்டு ஓடினார்கள். தீ அணைந்தது. முகமெல்லாம் கரியாக இறங்கி வந்த கனிதியஸின் முன்னால் நோவியஸ் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

“என்னண்ணே?”

“தண்ணிக் காசு.”

“யோவ், தீயை அணைச்சிருக்கோம்! உன் கடையும் சேர்ந்து எரிஞ்சிருக்கும்!”

“பச்சைத் தண்ணின்னா கேப்பேனா தம்பி? இது காஞ்ச தண்ணி. கரி போட்டிருக்கேன்.”

கனிதியஸ் கொடுத்துவிட்டான். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான். அன்றிலிருந்து அவனுக்கும் நோவியஸுக்கும் ஒரு சிநேகம். ரோந்து வந்தால் ஒரு கோப்பை குடிக்காமல் போக மாட்டான். குடித்துவிட்டு, “அண்ணே, இந்தத் தடவை சும்மாதானே?” என்று சீண்டுவான். நோவியஸ் காது கேளாதவன் போலப் பெட்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவான்.

அவன் ஏன் அப்படி என்று எனக்கு ஒப்பியா சொல்லித்தான் தெரியும். இரண்டு பேரும் நெடுஞ்சாலைச் சத்திரம் ஒன்றில் அடிமைகளாக இருந்தவர்கள். வண்டிக்காரர்களுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுப்பது அவன் வேலை. கோப்பைக்கு இவ்வளவு என்று எசமானுக்குப் போனது போக, மிச்சமாகக் கையில் விழுந்ததைச் சேர்த்துத்தான் அவன் தன்னை மீட்டுக்கொண்டான். பிறகு அதே சத்திரத்தின் வாசலில் உட்கார்ந்து அதே வெந்நீரை விற்று ஒப்பியாவையும் மீட்டான். “ஒவ்வொரு கோப்பையும் என் கழுத்துச் சங்கிலியில ஒரு சுத்து குறைச்சது தெர்தியா. அதைச் சும்மா குடுன்னா எப்படிக் குடுக்கிறது?” என்று என்னிடமே ஒரு நாள் கேட்டான். தெர்தியா என்பது என் பெயர். அதற்கப்புறமும் நான் திட்டினேன், ஆனால் முன்னைப் போல மனசாரத் திட்ட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் புருசனும் பெண்டாட்டியும் ஒரே கிண்ணத்தில்தான் சாப்பிடுவார்கள். சத்திரத்தில் அடிமைகளுக்கு ஜோடிக்கு ஒரு கிண்ணம்தான் கொடுப்பார்களாம். விடுதலை வந்த பிறகும் இரண்டாவது கிண்ணம் வாங்கவில்லை. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் கடை மேடைக்குப் பின்னால் இரண்டு பேரும் முட்டி இடிக்க உட்காருவார்கள். கோதுமைக் கூழ், மேலே ரெண்டு வெங்காயத்தாள், மீன்சாறு ஒரு கோடு. இடது பக்கம் அவள், வலது பக்கம் அவன். நடுவில் ஆலிவ் பழம் ஒன்று மிஞ்சினால் அதற்கு ஒரு சண்டை. நான் எதிரே இருந்து அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருசம் பேரரசரின் தங்கை இறந்துபோனாள். சின்ன வயசு. கேட்டபோது எங்களுக்கும் பாவமாகத்தான் இருந்தது. தண்டோராக்காரன் தெருக்குழாயடியில் நின்று அரசாணையைச் சொல்ல ஆரம்பித்தான். கடைகள் மூட வேண்டும். சரி. குளியல் கூடங்கள் மூட வேண்டும். அதுவும் சரி. அடுத்து அவன் சொன்னதைக் கேட்டு எங்களில் பாதிப் பேருக்குக் காது சரியாகத்தான் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

யாரும் சிரிக்கக் கூடாது. யாரும் குளிக்கக் கூடாது. அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை என்று எவரோடும் உட்கார்ந்து யாரும் சாப்பிடக் கூடாது. வெந்நீர் விற்கக் கூடாது, ஏனென்றால் ஒயினில் கலந்து குடிப்பது கொண்டாட்டம். மீறினால் தலை போகும்.

“என்ன, பொண்டாட்டியோட சாப்பிட்டா கொல்லுவாங்களா?” என்று சலவைக்கார லார்சியஸ் கேட்டான். எதையும் கேலி பண்ணுகிறவன் அவன். பழக்கத்தில் அவன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் நின்றவள் அவன் விலாவில் ஒரு இடி இடித்தாள். பாதிச் சிரிப்பிலேயே அவன் முகம் நின்றுவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வரி போட்டார்கள், கட்டினோம். பிள்ளைகளைப் படைக்கு இழுத்தார்கள், அழுதுகொண்டே அனுப்பினோம். ஆனால் சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் வந்து அரசாங்கம் உட்காரும் என்று நான் கனவில்கூட நினைக்கவில்லை. அவர் தங்கை செத்தால் அவர் அழட்டும். என் பிள்ளையோடு நான் ரொட்டி பிட்டால் அந்தப் பெண் இன்னொரு முறை சாகப்போகிறாளா?

இதையெல்லாம் நான் மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற என் மகன் குவிந்தஸ் அன்று சாயங்காலம் வந்ததும் தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான். நான் உள்ளே. அவன் வெளியே, சுவரைப் பார்த்தபடி. “அம்மா, உப்பு இருக்கா?” என்று அங்கிருந்தே கேட்டான். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் சேர்ந்து சாப்பிட்ட கணக்கில் வருமா என்று நான் யோசித்தேன். பெற்ற பிள்ளைக்கு உப்பு கொடுக்க யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் வீட்டுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இறங்கி வந்து, “பால் குடுக்கிறது சாப்பாட்டுல சேருமாக்கா?” என்று என்னிடம் கேட்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“குழந்தைதானே குடிக்குது. நீ சாப்பிடலியே. பேசாமக் குடு” என்றேன்.

“நான் ரொட்டி மென்னுக்கிட்டே குடுப்பேன்.”

“மெல்லாதே.”

எதிரே நோவியஸின் அடுப்பு அணைந்து கிடந்தது. கொப்பரையைக் கவிழ்த்து வைத்துவிட்டான். முதல் நாள் அவனும் சாப்பிடவில்லை, ஒப்பியாவும் சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவன் கடை மேடையில் தனியாக உட்கார்ந்து, பச்சைத் தண்ணீரில் கரைத்த மாவைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் விரலால் ஒரு கோடு கிழித்தான். தன் பக்கத்தைச் சாப்பிட்டான். எழுந்து தெருக்குழாய்ப் பக்கம் போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் ஒப்பியா கடைக்கு மேலே அவர்கள் படுக்கும் பரணிலிருந்து இறங்கி வந்து மிச்சத்தைச் சாப்பிட உட்கார்ந்தாள்.

நான் சும்மா இருக்க முடியாமல் போய் எட்டிப் பார்த்தேன். கோடு நடுவில் இல்லை. அவள் பக்கம் நன்றாகவே பெரிசு. ஆலிவ் பழம் மூன்று கிடந்தது, மூன்றும் அவள் பக்கம். அந்தக் கஞ்சனா இது?

“என்னடி பாக்குறே?” என்றாள் ஒப்பியா.

“ஒண்ணுமில்ல. உன் புருசனுக்குக் கோடு போடத் தெரியல.”

“பக்கத்துல உக்காந்து தின்னா அந்த மூணு ஆலிவுக்கும் மூஞ்சியைப் பிறாண்டியிருப்பாரு” என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டதோ என்று இரண்டு பேரும் தெருவைப் பார்த்தோம்.

எத்தனை நாள் இப்படி என்று தண்டோராக்காரன் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சொல்லாததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. எங்களுக்குத் தெரியாதா என்ன? சாவு என்றால் ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் படையல் போட்டு, அதைச் சாப்பிட்டு எழுந்தால் துக்கம் தீர்ந்தது. வாசலைப் பெருக்கி அடுப்பை மூட்டிவிட வேண்டியதுதான். என் தாய்க்கு அப்படித்தான் செய்தேன், என் புருசனுக்கும் அப்படித்தான் செய்தேன். ரோமாபுரியில் பிறந்தவனுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்வார்களா?

“அடிமைக்கும் ஒன்பது, அரசனுக்கும் ஒன்பது. இதுல என்ன கேள்வி?” என்றான் நோவியஸ்.

அவனேதான் முன்னால் நின்று ஏற்பாடு செய்தான். நாமெல்லாம் அந்தப் பொண்ணுக்கு ஒன்பதாம் நாள் செய்துவிடுவோம், எந்தக் குறையும் வரக்கூடாது என்று வீடு வீடாகச் சொன்னான். தெருமுனைத் தெய்வங்களின் மேடையில் படையல் வைத்தோம். முட்டை, பருப்பு, ரொட்டி, உப்பு. நான் ஒரு சட்டி கொண்டைக்கடலை கொடுத்தேன். லார்சியஸ் முட்டை வாங்கி வந்தான். நோவியஸ் கொடுத்தது அந்த உப்பு. அதுவும் சிட்டிகைதான். ஆனால் அவ்வளவு பக்தியாக அந்தச் சிட்டிகையை வைத்தான். முன்பின் பார்த்திராத அரசகுமாரிக்காகக் கண்ணை மூடி என்னவோ வேண்டிக்கொண்டான். அரண்மனையிலேயே அவளுக்கு அவ்வளவு சுத்தமாக யாரும் வேண்டியிருப்பார்களா, எனக்குச் சந்தேகம்தான். பிறகு எல்லோரும் தள்ளித் தள்ளி நின்று ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டோம்.

மறுநாள் விடிந்ததும் அவன் தன் வாசலை மட்டுமல்ல, என் வாசலையும் சேர்த்துப் பெருக்கினான். கொப்பரையை நிமிர்த்தினான். கரி மூட்டினான். ஆவி எழுந்ததைப் பார்த்து மேல் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்கக் கோப்பையோடு வந்து நின்றது. காசு பெட்டியில் விழுகிற சத்தம் எனக்குச் சங்கீதம் மாதிரி இருந்தது. லார்சியஸ் முதல் கோப்பையை வாங்கி ஒயினைக் கலந்து ஒரு வாய் குடித்தான்.

“யோவ் நோவியஸ், இத்தனை நாள் சும்மா இருந்திருக்கே, தண்ணி பழசாயிட்டுதே! விலையைக் குறைப்பியா?”

“கரி புதுசு” என்றான் நோவியஸ்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அத்தனை நாளும் அடக்கிவைத்த சிரிப்பு. இருமல் வருகிற வரைக்கும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கனிதியஸ் இரண்டு ஆட்களோடு சந்துக்குள் நுழைந்தான்.

அவன் முகத்தைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு நின்றுபோனது. யார் எங்கே கோப்பையை மறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஒரு நொடியில் சந்தில் ஒரு கோப்பை இல்லை. பெட்டியில் கிடந்த காசுகளை லார்சியஸ் தன் துணியால் வழித்து அள்ளிக்கொண்டான். கொப்பரையிலிருந்து மட்டும் ஆவி போய்க்கொண்டிருந்தது. அதை யாரால் மறைக்க முடியும்?

“யாருண்ணே உன்னை அடுப்பு மூட்டச் சொன்னது?” கனிதியஸின் குரல் நடுங்கியது. கோபமில்லை, பதற்றம்.

“ஒன்பது முடிஞ்சுதே தம்பி. நேத்துப் படையல் போட்டோம். வேணா இவங்களைக் கேளு.”

“முடிஞ்சதுன்னு யார் சொன்னாங்க? துக்கம் முடிஞ்சதுன்னு பேரரசர் இன்னும் சொல்லல!”

“சொல்லணுமா? சாவுன்னா ஒன்பது நாள்தானே?”

“செத்தவங்களுக்குத்தான் ஒன்பது நாள். அவங்களைத் தெய்வம்னு அறிவிக்கப்போறாங்களாம். தெய்வத்துக்கு ஏதுய்யா ஒன்பதாம் நாள்?”

நோவியஸ் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். “தெய்வமாயிட்டாங்கன்னா அப்புறம் எதுக்குத் துக்கம்?”

நியாயமான கேள்வி. இன்று வரைக்கும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. கனிதியஸ் தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான். அடுத்த தெருவில் அரண்மனை ஆட்கள் சுற்றுகிறார்கள், ஆவியைப் பார்த்து யாரோ சொல்லித்தான் தன்னை அனுப்பினார்கள் என்றான். பேரரசரின் தலைமை அதிகாரியிடம் போய் இங்கே என்ன நடந்தது என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தையில்தான் நோவியஸின் உயிர் இருந்தது. எங்கள் அத்தனை பேருக்கும் அது புரிந்தது.

கனிதியஸ் நல்லவன்தான். இதைச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, ஆனாலும் சொல்கிறேன். அவன் ஒரு வழி தேடினான். குரலைத் தாழ்த்தி, “அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆணையில விக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. படையல் போட்ட கையோட, செத்தவங்க பேரால சும்மா குடுத்திருந்தா அது வியாபாரம் இல்ல. தர்மம். நீ வித்தியா, சும்மா குடுத்தியா?” என்றான்.

நோவியஸ் வாயைத் திறப்பதற்குள் ஒப்பியா பரணிலிருந்து பாதி விழுந்து இறங்கி வந்தாள்.

“சும்மாதான் குடுத்தாரு! சும்மா குடுத்தாரு தம்பி! ஒரு காசு வாங்கல!”

“ஆமா ஆமா, சும்மாதான்” என்றான் லார்சியஸ். வழித்த காசெல்லாம் அவன் மடியில்.

“சும்மாதான் ஐயா.” “எனக்கும் சும்மாதான் ஊத்துனாரு.” “செத்தவங்க பேரைச் சொல்லிச் சொல்லி ஊத்துனாரு.” மேல் ஜன்னல்களிலிருந்தும் குரல் வந்தது. நானும் சொன்னேன். என் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. அந்த ஒரு நிமிடம் எங்கள் சந்தை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஆளுக்கு ஆள் குழி பறிக்கிற சந்து, அன்றைக்கு அந்தக் கஞ்சனுக்காக ஒரே வாயாகப் பொய் சொன்னது. தப்பித்துவிட்டான் என்றே நினைத்தேன்.

கனிதியஸின் தோள் இறங்கியது. நிம்மதி. “நீயும் உன் வாயால சொல்லிடுண்ணே. நான் கேட்டேன், நீ சொன்னேன்னு நான் போய்ச் சொல்லணும். நோவியஸ், நீ இந்தத் தண்ணியைச் சும்மாதானே குடுத்தே?”

நோவியஸ் கொப்பரையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். ஒப்பியா அவன் முதுகில் கிள்ளுவது எனக்குத் தெரிந்தது. உயிர் போகிற விஷயம், அது அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல் வெளியே வர என்ன பாடு பட்டது! கண் பிதுங்கியது, காது சிவந்தது, பல்லைப் பிடுங்கும்போது இருப்பதுபோல வாய் கோணிக்கொண்டு போனது.

“சும்மா…” என்றான். மூச்சு வாங்கினான். “சும்மா… குடுத்தேன்.”

கனிதியஸ் சிரித்துவிட்டான்.

வேண்டுமென்று சிரிக்கவில்லை. அடக்கத்தான் பார்த்தான், கையை வாய்க்குக் கொண்டுபோனான். அதையும் மீறி வெடித்தது. தீயை அணைத்த அன்றைக்குச் சிரித்தானே, அதே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கை ஊன்றி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நோவியஸ் சும்மா கொடுத்தான் என்பதை அந்த முகத்தோடு கேட்டுவிட்டு ரோமாபுரியில் எவனால் சிரிக்காமல் இருக்க முடியும்?

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அவன் சிரிப்பு எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அது காதில் விழுந்ததும்தான் அவனுக்குத் தான் செய்தது உறைத்தது. நிமிர்ந்தான். தன் ஆட்கள் இருவரையும் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜன்னல்களைப் பார்த்தான். அத்தனை தலைகள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். சிரித்தால் தலை. அந்தச் சந்தில் யார் வேண்டுமானாலும் அடுத்த தெருவுக்கு நடந்துபோய் ஒரு வார்த்தை சொன்னால் அவன் போனான். அவன் முகம் வெளுத்துப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். கடைசியாக நோவியஸைப் பார்த்தான். அது எங்கள் கனிதியஸின் பார்வை இல்லை.

“இவனைப் பிடிங்கடா” என்றான்.

“தம்பி!” ஒப்பியா அவன் கையைப் பிடித்தாள்.

“காசுக்கு வித்திருக்கான். நானே கண்ணால பாத்தேன். தெய்வ நிந்தனை.” மனப்பாடம் செய்தவன் மாதிரி ஒப்பித்தான், அவளை உதறிவிட்டான். ஆட்களில் ஒருவன் கொப்பரையை எட்டி உதைத்தான். வெந்நீர் சந்து முழுக்க ஓடியது, வெறுங்காலோடு நின்றவர்களெல்லாம் துள்ளி ஒதுங்கினோம். நோவியஸ் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு போனான். தன்னைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பதைவிட அதுதான் அவனுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது போலிருக்கிறது.

பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள். விசாரணை என்று ஒன்றும் இல்லை. வெந்நீர் விற்றான், கொன்றோம் என்றார்கள். எனக்குச் செய்தி கொண்டுவந்தவன் துறைமுகத்திலிருந்து திரும்பிய குவிந்தஸ். நோவியஸைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போன ஊர்வலத்தை அவன் பார்த்திருக்கிறான். “அம்மா, வெந்நீருக்காம்மா? வெந்நீருக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அதே வருசம் யாரோ ஒரு செனட்டர், பேரரசரின் தங்கை வானத்துக்குப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார். அவருக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அவர் பொய் சொல்லும்போது முகம் கோணவில்லை போலும்.

மறுநாள் காலையில் கனிதியஸ் வந்தான். கவசம் இல்லை, ஆட்கள் இல்லை. தனியாக. ராத்திரி தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு வாசலாக நின்று ஒரே கேள்வியைக் கேட்டான்.

“நேத்து நான் சிரிச்சேனா?”

“நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்களே” என்றான் லார்சியஸ்.

“இல்ல ஐயா, இருமுனீங்க” என்றாள் கைக்குழந்தைக்காரி.

என்னிடம் வந்தான். சட்டி மூடியால் அவன் முகத்தில் அறைய வேண்டும் போல என் கை துடித்தது. “எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. கடலை வெந்துக்கிட்டிருந்தது, அந்தச் சத்தம்தான் கேட்டுது” என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான்.

ஒப்பியா கடை மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிண்ணம். பச்சைத் தண்ணீரில் கரைத்த மாவு, வெங்காயத்தாள்கூட இல்லை. விரலால் எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். கனிதியஸ் நின்றதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அவன் வாய் திறக்கச் சிரமப்பட்டான்.

“அக்கா… நேத்து நான்… சிரிச்சேனா?”

சந்தில் அத்தனை பேரும் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்தோம். அவள் ஆமாம் என்று கத்தினால் போதும். புருசனே போன பிறகு அவளுக்கு இழக்க என்ன இருக்கிறது? கத்து, கத்திவிடு என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

“சிரிச்சே தம்பி” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். “யாருக்குத்தான் சிரிப்பு வராது? நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன். ஒரு பொய் சொல்லத் தெரியல அந்த மனுசனுக்கு.”

கனிதியஸ் மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“சிரிச்சதோட விட்டிருக்கலாமே” என்றாள். “சிரிச்சுட்டு, போங்கடான்னு போயிருக்கலாமே. நாங்க யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டோமே தம்பி.”

அவன் திரும்பி எங்களைப் பார்த்தான். நாங்கள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் சொன்னது உண்மைதான். எங்களில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டோம்.